மாக்ரெட் அக்காவின் இரண்டாவது கசெட்

மாக்ரெட் அக்காவின் முதல் கசெட் 1987இல் வந்தது. அப்போது நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். ‘மாலை ஆறு மணி’ என்று பெயர். எட்டுப் பாட்டு. ஒரு கிட்டார், ஒரு வயலின், தபேலா, அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கையில் ஒரே ஒரு வீட்டில்தான் அந்தக் கசெட் இருந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே போய்க் கேட்போம். வானொலியின் மெல்லிசைப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் அந்தக் குரல் வேறு மாதிரி. பக்கத்தில் யாரோ தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், எழுப்பிவிடக்கூடாது என்கிற மாதிரிப் பாடுவார்.

மூன்று வருடம் கழித்து நான் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறை எடுத்து, கணக்கு டியூஷன் கொடுத்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளுக்குக் கீபோர்ட் வாசிக்கப் போனேன். முதல் நாள் போன இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தவரைக் காட்டி, “இவதான் பாடுறவ, மாக்ரெட்” என்றார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, “தம்பி, என்ட பாட்டுக்கெல்லாம் சத்தத்தக் குறைச்சு வாசியுங்க, சரியா?” என்றார். அந்தச் சொல்லையே இரண்டாந்தரம் சொல்லச்சொல்லிக் கேட்கவேண்டியிருந்தது. அவ்வளவு மெதுவாகக் கதைப்பார்.

கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தார். கோயில் பாடற்குழுவில் பாடத் தொடங்கி, வானொலிக்குப் போய், கல்யாண வீடுகளுக்கு வந்தவர். வார நாட்களில் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கொம்பனியில் டைப்பிஸ்ட். கணவர் வலன்ரைன், அவரும் துறைமுகத்தில் கிளார்க். பிள்ளைகள் இல்லை. வலன்ரைன் அண்ணன் எந்தக் கச்சேரிக்கும் முதல் வரிசைக்கு வரமாட்டார். மண்டபத்தின் கடைசியில் கதவோரமாக நின்று கேட்பார். முடிந்ததும் அக்காவின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பார்.

அந்த வருடங்களில் கொழும்பில் பஸ்ஸில் ஏறினால் நாங்கள் எல்லோரும் குரலைத் தணிப்போம். தமிழில் சத்தமாகக் கதைத்தால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், மூன்றாவது ஆள் அடையாள அட்டை கேட்பான். அக்காவுக்குத் தணிக்க ஒன்றும் இருக்கவில்லை. “எனக்கு இது லேசு. பிறந்ததே இப்பிடித்தான்” என்று ஒருமுறை சொன்னார்.

1996 சனவரி கடைசி நாள் கோட்டையில் குண்டு வெடித்தபோது அவர் மேசையில் ஒரு கடிதம் டைப் செய்துகொண்டிருந்தார். சன்னல் கண்ணாடி முழுவதும் உள்ளே வந்தது. அவருடைய வலப்பக்கத்தில் இருந்த இரும்பு அலுமாரி அவரைக் காப்பாற்றியது. கண்ணாடி கீறியது கையில் மட்டுந்தான். ஒரு காலில் சப்பாத்தோடு கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் நடந்தே போனார். பாதி வழியில், எதிரே ஓடிவந்துகொண்டிருந்த வலன்ரைன் அண்ணன் அவரைக் கண்டார். அண்ணன் ஏதோ சொன்னார். அக்காவுக்கு வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

கேட்கும் சக்தி நாலைந்து நாளில் திரும்பி வந்தது. ஆனால் வலது காதுக்குள் ஒரு ஒலி தங்கிவிட்டது. பழைய டிவியை வேறு அறையில் போட்டுவிட்டு வந்த மாதிரி, மெல்லிய, நீண்ட கூவல். டொக்டர் பார்த்துவிட்டு, பழகிவிடும் என்றார். பழகவில்லை. அமைதியான இடத்தில்தான் அது அதிகமாகக் கேட்கும். ஜெபம் சொல்லும்போது கேட்கும். பாட்டின் நடுவே வயலின் நின்று அவர் தனியே ஒரு சொல்லைப் பாடவேண்டிய இடத்தில் கேட்கும்.

இதை அவர் வேறு யாருக்கும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அக்காவால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை என்பதுதான். வேலைக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு தரிப்புக்கு முன்னமே இறங்கி நடப்பார். ஒத்திகைக்கு வந்தால் கதிரையில் இருக்கமாட்டார், சன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். வீட்டில் ஒரே அலுமாரியை வாரத்துக்கு மூன்று தரம் இறக்கி அடுக்குகிறா என்று வலன்ரைன் அண்ணன் கவலையோடு சொன்னார்.

அந்த வருடம் மழை பொய்த்து, நாடு முழுக்க மின்வெட்டு. ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம்கூட வெட்டினார்கள். மே மாதம் வெள்ளவத்தையில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டு நேரம் நாங்கள் வாசிக்கத் தொடங்க, கரண்ட் போனது. மண்டபக்காரர் ஜெனரேட்டரைப் போட்டார். அதை மேடைக்குப் பின்பக்கச் சன்னலுக்கு நேர் கீழே வைத்திருந்தார்கள். கல் உடைக்கிற மெஷின் மாதிரிச் சத்தம். அக்கா இரண்டு பாட்டுப் பாடினார். முன்வரிசையில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் மேடைக்கு வந்து, “என்ன பிள்ளை, வாயை மட்டும் அசைக்கிறீர்?” என்று பகிடியாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் எங்களுக்குப் புதுக் கிட்டார்காரர் வந்திருந்தார். அழகுமுத்து என்று பெயர். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். முப்பது வயது இருக்கும். ஜெனரேட்டரை மீறித் தன் கிட்டாராவது கேட்கட்டும் என்று அம்ப்ளிஃபயரின் திருகை முழுதாகத் திருப்பினார். ஸ்பீக்கர் தாங்காமல் ஒலி கிழிந்தது. கடதாசியைக் கிழிக்கிற மாதிரி அல்ல, தகரத்தைக் கிழிக்கிற மாதிரி. நான் திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தேன். நிறுத்தச்சொல்லுவார் என்று நினைத்தேன்.

அக்கா மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். தொண்டையைத் திறந்தார்.

அது ஒரு காதல் பாட்டு, தாலாட்டு மாதிரி மெதுவாகப் போவது. அதே சொற்களை அவர் அடிவயிற்றிலிருந்து எறிந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கள் ட்ரம்ஸ்காரர் செல்லையா அண்ணன் சிரித்துக்கொண்டே அடியைக் கூட்டினார். பாட்டு முடிந்ததும் கைதட்டல் பெரிதாக இல்லை. பெண்ணின் தாய் முகம் சுருங்கியிருந்தா.

பிறகு நான் போனபோது அக்கா மண்டபத்தின் பின்கொரிடோரில் நடந்துகொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது.

“பாலன், எனக்குக் காதில ஒரு சத்தம் இருக்கு. சனவரியில இருந்து” என்றார்.

“என்னக்கா, இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“சொல்லி என்ன செய்ய? ஆனா இப்ப அந்தப் பாட்டு முடியிற வரைக்கும் அது இல்ல. ஒரு துளி இல்ல.”

அடுத்த கிழமையே பாட்டு எழுதத் தொடங்கினார். அதுவரை மற்றவர்கள் எழுதிக்கொடுத்ததைத்தான் பாடியிருந்தார். ஒபிசில் டைப் செய்யும் தாள்களின் பின்பக்கத்தில், பென்சிலால், இரண்டு மாதத்தில் ஏழு பாட்டு. நிலவும் தென்றலும் எதிலும் இல்லை. ஒன்று உடைந்த சன்னலைப் பற்றி. ஒன்று லிஃப்ட் நின்றுபோன கட்டிடத்தைப் பற்றி. இன்னொன்று இப்படித் தொடங்கும்:

தட்டாதே தட்டாதே
கதவு திறந்துதான் கிடக்குது
எண்ணிப் பார்த்துப் போ
எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறோம்

விடிய நாலு மணிக்குப் பொலிஸ் வீடு வீடாக வந்து ஆள் எண்ணிப்போகிற காலம் அது. எனக்கு வாசிக்கவே பயமாக இருந்தது.

ஒத்திகைக்கு இடமில்லை. வெள்ளவத்தையில் என் அறையில் சத்தமாக ஒரு சுரம் வாசித்தாலும் வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டுவா. செல்லையா அண்ணன் ஒருகொடவத்தையில் லொறி திருத்தும் கராஜ் ஒன்றில் மெக்கானிக்காக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே ஆள் இல்லை. ஆனால் பக்கத்து யார்டுகளில் கொள்கலன்களை ஏற்றி இறக்குகிற இரைச்சல் ஓயாது. அந்த இரைச்சலுக்குள் நாங்கள் என்ன செய்தாலும் ஒருவருக்கும் தெரியாது. கிறீஸ் மணத்துக்குள் நின்று அக்கா பாடிப் பழகினார். முதல் மூன்று வாரம் தொண்டை கட்டி, திங்கட்கிழமைகளில் ஒபிசில் சைகையால் கதைத்தார்.

வலன்ரைன் அண்ணன் ஒருநாள் வந்தார். ஒரு லொறி டயரில் இருந்து இரண்டு பாட்டுக் கேட்டார். பிறகு எழும்பி, எங்கள் எல்லோருக்கும் முன்னாலேயே சொன்னார்.

“எனக்கு இது பிடிக்கேல்ல, மாக்ரெட்.”

“தெரியும்.”

“உன்ட குரல் எனக்குத் தெரிஞ்ச குரல். இது யாரோ. அது போகட்டும், பிடிச்சாலும் இல்லாட்டியும் நான் கேப்பன். ஆனா இந்த நாளையில ஏன் இவ்வளவு சத்தம்? பக்கத்து வீட்டுக்காரன் நாங்க இருமினாலே எட்டிப் பாக்கிறான்.”

“இருபது வருசம் மெதுவாத்தானே பாடினன். அப்ப எட்டிப் பாக்கேல்லையா?”

அண்ணன் கராஜை விட்டு இறங்கினார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. ஒத்திகை முடியும்வரை வெளியே வெயிலில் நின்று, பிறகு வழக்கம்போலப் பையை வாங்கிக்கொண்டார்.

அழகுமுத்துவுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. அந்தக் கிழிகிற ஒலி வேண்டுமென்றால் அம்ப்பை முழுச் சத்தத்தில் வைக்கவேண்டும், ஸ்பீக்கர் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சின்னச் சத்தத்திலேயே ஒலியைக் கிழிக்கக் காலால் அமர்த்துகிற பெட்டி விற்கிறது. எங்களால் வாங்க முடியாத விலை. அவர் பஞ்சிகாவத்தையில் பழைய ரேடியோக்களிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு சுவிட்ச், ஒரு திருகு வாங்கி, வயர் போட்டுத் தானே ஒன்று செய்தார். அதை வைக்க ஒரு தகரப் பெட்டி தேவைப்பட்டது. நான் என் பழைய கொம்பாஸ் பெட்டியைக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்குக் கொண்டுபோன பெட்டி. மூடிக்கு உள்பக்கம் என் பெயரையும் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் கொம்பாஸ் முனையால் கீறியிருந்தேன்.

ஜூலை மாதம் வெள்ளவத்தை ஸ்டூடியோவில் ஒலிப்பதிவுக்கு நாள் குறித்தோம். அதற்கு இரண்டு நாள் முந்தி ஸ்டூடியோக்காரர் தன்னிடமிருந்த கிட்டாரில் அந்தப் பெட்டியின் ஒலியைக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்றார். அழகுமுத்துவை யார்டுக்குப் போகிற வழியில் கிழமைக்கு இரண்டு தரமாவது மறித்துச் சோதிப்பார்கள். அதனால் அக்கா சொன்னார், “என்ட ஹேண்ட்பேக்கில வைச்சுக் கொண்டுபோறன். வேலைக்குப் போற பொம்பிளைய யார் பாக்கப்போறான்?”

பார்த்தார்கள். சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண் கான்ஸ்டபிள் பைக்குள் கையை விட்டு ஒரு தகரப் பெட்டியை எடுத்தாள். ஒரு சுவிட்ச், வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு வயர், உள்ளே ஒன்பது வோல்ட் பற்றரி. மூடியில் யாழ்ப்பாணத்துப் பெயர்.

“மேக்க மொகத்த?” என்று சிங்களத்தில் கேட்டாள். இது என்ன?

“கிட்டார் எகட்ட” என்றார் அக்கா. கிட்டாருக்கு.

“கிட்டார் எங்கே?” கிட்டார் இல்லை. வீதியை இரண்டு பக்கமும் மூடினார்கள். அக்காவை ஜீப்பில் ஏற்றினார்கள்.

பதினொரு மணிக்கு வலன்ரைன் அண்ணன் என் அறைக்கு வந்தார். மூச்சு வாங்கியது. “பொலிசில வைச்சிருக்கிறாங்க. அது என்ன பெட்டியெண்டு செய்த ஆள் வந்து காட்டவேணுமாம். உங்கட பேர் அதில இருக்காம் பாலன். நீங்களும் வந்தா நல்லம்.”

நான் வகுப்பு முடிய வருகிறேன் என்றேன். அன்றைக்கு எனக்கு வகுப்பே இல்லை. அவர் போனதும் நான் ரயில் பாதையோரமாக நடக்கத் தொடங்கினேன். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு, அங்கிருந்து திரும்பி பம்பலப்பிட்டிக்கு. கடல் ஒரு பக்கம், ரயில் ஒரு பக்கம். யாழ்ப்பாண அடையாள அட்டை, வாடகை அறை விலாசம், இருபத்தெட்டு வயது. நான் உள்ளே போனால் வெளியே வருவேனா என்பதைத் தவிர வேறொன்றும் நான் நினைக்கவில்லை. அக்காவை நினைக்கவில்லை. இதைப் பின்னாளில் நான் பலதரம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறேன், டியூஷன் என்றும் காய்ச்சல் என்றும். உண்மை இதுதான்.

அடுத்த நாள் காலை போனேன். அறையில் இருப்பது போவதைவிடக் கஷ்டமாக இருந்தபடியால் போனேன். பொலிஸ் நிலைய முற்றத்து வாங்குப் பலகையில் அழகுமுத்து இருந்தார். பக்கத்தில் கிட்டார், அம்ப். முந்தின நாள் மத்தியானமே யார்டிலிருந்து லீவு போட்டு, த்ரீவீலரில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவரையும் இரவு வைத்திருந்தார்கள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

“வாங்க சேர். நீங்க வருவீங்கன்னு அக்கா சொன்னாங்க” என்றார். என்னை அவர் எப்போதும் சேர் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்க முடியவில்லை.

“நேற்றே வாசிச்சுக் காட்டியிருக்கலாமே?”

“பெரியவர் நேத்து இல்லீங்க. இன்னிக்குத்தான் வந்தாரு. இப்ப கரண்டு இல்ல.”

பத்திலிருந்து பன்னிரண்டரை வரை மின்வெட்டு. பங்குத் தந்தையின் கடிதத்தோடு வலன்ரைன் அண்ணன் வாசலில் நின்றார். என்னிடம் அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். எந்த ஊர், எப்போது வந்தாய், கூடப்பிறந்தவர்கள் எங்கே, இந்தப் பெட்டி உன்னுடையதா. “கணக்குப் படிக்கிற பெட்டி” என்று நான் சிங்களத்தில் சொன்னதைக் கேட்டு ஒருவன் சிரித்தான். பிறகு நாங்கள் எல்லோரும் கரண்டுக்காகக் காத்திருந்தோம். பெரிய அதிகாரி, கான்ஸ்டபிள்கள், அழகுமுத்து, நான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம். வெயில் முற்றத்தைத் தாண்டி வாங்குக்கு வந்தது. ஒரு மின்விசிறிக்கு நேர் கீழே அதிகாரி அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்.

விசிறி சுற்றியது. “ஹரி, கஹபன்” என்றார். சரி, வாசி.

அக்காவைக் கூட்டிவந்து ஒரு கதிரையில் இருத்தினார்கள். தலை கலைந்திருந்தது. என்னைப் பார்த்தார். அழகுமுத்து வயர்களைப் பூட்டினார். பெட்டி இல்லாமல் முதலில் ஒரு சுரம், சுத்தமாக. பிறகு குனிந்து, எல்லோரும் ஒரு அடி பின்வாங்க, சுவிட்சை அழுத்தி அதே சுரத்தை வாசித்தார். அறை நிறையத் தகரம் கிழிந்தது. ஒரு இளம் கான்ஸ்டபிள் சத்தமாகச் சிரித்துவிட்டு, அதிகாரியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அதிகாரி பெட்டியைத் தானே அழுத்திப் பார்த்தார், இரண்டு தரம், மூன்று தரம். முகம் இளகியது. அக்காவைத் திரும்பிப் பார்த்து, நீ பாடகியாமே, ஒரு பாட்டுப் பாடு, கேட்போம் என்றார்.

வாசலில் நின்ற வலன்ரைன் அண்ணன் கண்ணால் கெஞ்சினார். பாடு, போய்விடலாம்.

அக்கா எழும்பினார். “உகுர ரிதெனவா, சேர்” என்றார். தொண்டை நோகுது. மரியாதையாக, அவருடைய பழைய, மெல்லிய குரலில்.

போகலாம் என்று அதிகாரி கையசைத்தார். பெட்டியை மட்டும் தரவில்லை. அது வழக்குப் பொருளாம். எந்த வழக்குக்கு என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

வீதிக்கு வந்ததும் வலன்ரைன் அண்ணன், “தொண்டைக்கு என்ன? அடிச்சாங்களா?” என்று பதறினார்.

“தொண்டைக்கு ஒண்டுமில்ல” என்றார் அக்கா. “அவனுக்கு ஏன் பாடவேணும்?”

கொஞ்சத் தூரம் நடந்தபின் என் பக்கம் திரும்பினார். “நேத்து வகுப்பு இருந்ததா பாலன்?”

“இல்லையக்கா” என்றேன்.

“ம்” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு ஒத்திகைக்குப் போனபோது என் கீபோர்டை எல்லோருக்கும் பின்னால் வைத்திருந்தேன். அக்கா வந்து அதைத் தூக்கித் தனக்குப் பக்கத்தில் வைத்தார்.

அழகுமுத்து வேறு பெட்டி செய்தார். அது முந்தினதைவிட மோசமான ஒலி, ஒரு டிரான்சிஸ்டர் பிழையானது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார் அக்கா. ஒக்டோபரில்தான் ஒலிப்பதிவு செய்ய முடிந்தது.

ஸ்டூடியோக்காரர் நாகேந்திரம். வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு மேல் அறையெடுத்து, சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்து வைத்திருந்தார். ‘மாலை ஆறு மணி’யைப் பதிவு செய்தவரும் அவர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தலையில் கை வைத்துக்கொண்டே இருந்தார்.

“மாக்ரெட், மீற்றர் ஊசி சிவப்புக்குப் போகுது.”

“போகட்டும்.”

“கொஞ்சம் தள்ளி நிண்டு பாடும்.”

“தள்ளி நிண்டுதானே இவ்வளவு நாளும் பாடினன்.”

‘தட்டாதே’ பாட்டின் கடைசியில் அவருடைய குரல் உடைந்தது. கதவு என்ற சொல்லில் ‘வு’ வரவேயில்லை, காற்று மட்டும் வந்தது. நாகேந்திரம் டேப்பை நிறுத்தினார். “இன்னொருக்காப் போவம். நல்லாத்தான் வந்தது, கடைசியில மட்டும்…” அக்கா அறைக்குள் நாலு தரம் நடந்தார். கேட்டுப் பார்த்தார். “இல்ல, இதுதான்” என்றார். நாகேந்திரம் என்னைப் பார்த்தார். நான் அன்றைக்கு அக்கா சொன்னதற்கு எதிராக எதுவும் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. அந்த உடைந்த ‘வு’ அப்படியே கசெட்டில் இருக்கிறது.

‘மின்வெட்டு’ என்று பெயர் வைத்தோம். நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின வாரம் ஐந்நூறு பிரதி வந்தது. கொட்டாஞ்சேனை வீட்டில் பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கினோம். மூன்று நாள் அவை அங்கேயே கிடந்தன. கடைக்காரர்களிடம் போய் நிற்க அக்காவால் முடியவில்லை. பாடும்போது இருந்த ஆள் வேறு, கடைவாசலில் நிற்கிற ஆள் வேறு. நாலாம் நாள் வலன்ரைன் அண்ணன் வேலைக்குப் போகிற பையில் சாப்பாட்டுப் பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கசெட்டுகளை அடுக்கினார்.

“உங்களுக்குத்தான் பிடிக்காதே” என்றார் அக்கா.

“எனக்குப் பிடிக்கேல்ல. கடைக்காரனுக்கு அத நான் சொல்லப்போறதில்ல” என்றார்.

மாலை வேலை முடிந்ததும், வெள்ளவத்தை வழியாகப் போகும் காலி வீதியில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். கொடுக்கும்போது அவர் என்ன சொன்னாரென்று ஒரு கடைக்காரர் எனக்குச் சொன்னார்: “என்ட மனுசி பாடினது. கொஞ்சம் சத்தம். கேட்டுப் பாருங்க.”

விற்பனை நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பழைய மாக்ரெட் என்று நினைத்து வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வானொலியில் ஒருவர் கேட்டுவிட்டு, நேயர்களுக்குத் தலையிடிக்கும் என்று சொல்லி மேசை லாச்சிக்குள் வைத்தாராம். ஒரு வாரப்பத்திரிகையில் ‘தென்றலுக்குக் காய்ச்சல்’ என்று தலைப்புப் போட்டு எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு அக்கா அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார், நடந்தே. தைமாதக் கல்யாணங்களில் நாலு கைவிட்டுப் போயின. எங்களுக்கும் அந்த வருமானம் போனது. செல்லையா அண்ணன் மட்டும், “லொறி இருக்குத்தானே” என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் கராஜைத் திறந்து வைத்தார்.

ஒருநாள் நானும் அக்காவும் வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் போனபோது ‘தட்டாதே’ கேட்டது. அக்கா சட்டென்று நின்றார். ஒரு தையல்கடைக்குள்ளிருந்து வந்தது. ஆறு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றுக்கு மேலால் பாட்டு. கடையை நடத்துகிற ருக்கியா என்ற பெண் தலையிலிருந்த சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பி வந்தா. பாடியவர் இவர்தான் என்று நான் சொன்னதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டா.

“நெசமா நீங்களா? ஒங்கட மத்தக் கசெட்டும் எங்கிட்ட ஈக்கி. நல்ல பாட்டுத்தான், ஆனா இங்க போட்டா மெசின் சத்தத்தில ஒண்டும் வெளங்காது. இது நல்லா வெளங்குது. புள்ளயள் வேகமாத் தைக்கிறாளுவள்.”

“சொல்லுகள் விளங்குதா?” என்று கேட்டார் அக்கா.

ருக்கியா கொஞ்சம் குரலைக் குறைத்தா. “வெளங்குது. எங்கட ஊட்டுக்கும் வந்து எண்ணிட்டுத்தானே போறாங்க.”

அக்கா அன்றைக்கு அந்தக் கடையில் ஒரு சட்டைக்கு அளவு கொடுத்தார். அவருக்குச் சட்டை தேவைப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. மெஷின்களுக்கு நடுவே, அளவெடுக்கிறவள் சொல்லச்சொல்லக் கையைத் தூக்கியும் இறக்கியும், கசெட்டின் ஒரு பக்கம் முடியும்வரை நின்றார்.

பெப்ரவரியில் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் கச்சேரி வைத்தோம், சனிக்கிழமை பகலில். நூற்றைம்பது பேர் வந்தார்கள். மூன்றாவது பாட்டில் எழும்பத் தொடங்கினார்கள். யாரோ பின்னாலிருந்து, “பழைய பாட்டு!” என்று கத்தினார். அக்கா நின்றார். பிறகு, “சரி” என்று சொல்லிவிட்டு ‘மாலை ஆறு மணி’யிலிருந்து ஒன்றைப் பாடினார், அது எப்படிப் பாடவேண்டுமோ அப்படியே, மெதுவாக. மண்டபம் உருகிப்போனது. நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கண் அடிக்கடி சுருங்கியது. அவருக்கு இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு மட்டுந்தான் தெரியும். கைதட்டல் அடங்குமுன் அழகுமுத்துவுக்குக் கண் காட்டினார். மிச்ச நாலு புதுப் பாட்டையும் இடைவெளி விடாமல் பாடி முடித்தார். கடைசியில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் மேடைக்குக் கிட்ட வந்து நின்றிருந்தார்கள்.

அடுத்த வருடம் அழகுமுத்து கட்டாருக்குப் போனார். அங்கேயும் ஃபோர்க்லிஃப்ட்தான். கிட்டாரை விற்கவில்லை, கொண்டுபோனார். கல்யாணக்காரர்களில் பாதிப்பேர் மெல்லத் திரும்பி வந்தார்கள். அங்கே அவர்கள் கேட்டதை அக்கா பாடினார், சத்தம் போடவில்லை. ஆனால் அந்த மாதிரி மெல்லிய பாட்டை இனிப் பதிவு செய்யமாட்டேன் என்று நாகேந்திரத்திடம் சொல்லிவிட்டார். நான் கல்யாணம் செய்து, ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை எடுத்து, கீபோர்டை விற்றுவிட்டேன். அக்காவும் அண்ணனும் ஹெந்தளைக்கு வீடு மாறினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

2000ஆம் ஆண்டு நடுப்பகுதியில் காலி வீதி பஸ் ஒன்றில் அவரைக் கண்டேன். எனக்கு முன் சீட்டில் இருந்தவர் இறங்க, “இருங்க அக்கா” என்றேன். இருக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே கதைத்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

“வத்தளையில ஒரு பிள்ளை பேஸ் கிட்டார் வாசிக்கிறா. பத்தொன்பது வயசு. கொட்டாஞ்சேனைக் கச்சேரிக்கு வந்தவளாம், எனக்கு நினைவில்ல. கிட்டார் வாசிக்க அவளிட மச்சாள் ஒருத்தி இருக்கிறா. செல்லையா அண்ணன் வாறனெண்டு சொல்லிட்டார். ஒன்பது பாட்டு எழுதியாச்சு. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வாங்க.”

“என்னட்டக் கீபோர்ட் இல்லையே அக்கா. வித்துப்போட்டன்.”

“வாங்குங்க” என்றார்.

கொள்ளுப்பிட்டியில் பஸ் நெரிசலில் நின்றது. அவர் புறக்கோட்டைக்கு டிக்கட் எடுத்திருந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார், பிறகு கொண்டக்டரைத் தாண்டி இறங்கி நடக்கத் தொடங்கினார். நான் சன்னலால் கூப்பிட்டு விலாசம் கேட்டேன். நடந்துகொண்டே சொன்னார். வாகனச் சத்தத்துக்கு மேலால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை நான் ஒரு நண்பனிடம் கீபோர்ட் இரவல் வாங்கிக்கொண்டு ஹெந்தளைக்குப் போனேன். வலன்ரைன் அண்ணன் வாசலில் கதிரைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார், உள்ளே இடம் போதவில்லையாம். அந்த வத்தளைப் பிள்ளைக்கு ஒரு தந்தி அறுந்து, வேறு தந்தி வாங்க ஆள் போயிருந்தது. அக்கா எனக்கு ஒரு தாளை நீட்டினார். முதல் பாட்டின் சொற்கள், பென்சிலில், பாதி அழித்து எழுதியவை.

“இதில மூண்டாவது வரி சரியா வருதில்ல” என்றார். “நீங்க ஒருக்கா வாசியுங்க, பாப்பம்.”